தொப்புள்கொடி ரத்தம்: யாருக்கு அவசியம், யாருக்கு வீண் செலவு?

பிரசவத்தின்போது தொப்புள்கொடியிலிருந்து எடுக்கும் ரத்தத்தைக் கட்டணத்துக்கு உறையவைத்துச் சேமிக்கும் தொப்புள்கொடி ரத்த வங்கி பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் நகரி, பள்ளிப்பட்டு, பலமநேர், குப்பம், பேரணாம்பட்டு என்று ஆந்திர எல்லையோர ஊர்களின் முத்திரைதான் அதிகம். பிரசவம் சித்தூர் பக்கம், மேல் சிகிச்சை வேலூரில், ரத்தம் சேமிக்கும் கூடம் சென்னையில் என்று மூன்று இடமாகப் பிரிந்து கிடப்பதால் வரும் குழப்பம் அது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

எனக்கு ஏழாம் மாதம். செக்கப்புக்குப் போகும் நர்சிங் ஹோமில் ஒரு பெண் ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் 80 நோய்களுக்கு மருந்து, குழந்தைக்கு ஆயுள் முழுக்க இன்சூரன்ஸ் என்கிறார். தவணையிலும் கட்டலாமாம். எங்களுக்கு விசைத்தறி வருமானம்தான். கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்ய?
*— வாசகி, நகரி*

கட்ட வேண்டாம். கடன் வாங்கி என்றால் நிச்சயமாக வேண்டாம்.

அந்த 80 நோய்ப் பட்டியல் பொய்யில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ரத்த ஸ்டெம்செல் (புதிய ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) மாற்றினால் குணமாகக்கூடிய நோய்களின் பட்டியல் அது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னொருவருடைய செல்தான் வேண்டும். தலசீமியா, சிக்கிள் செல் என்ற ரத்தசோகை நோய்கள், பிறவியிலேயே வரும் எதிர்ப்புச் சக்திக் குறைபாடு எல்லாம் மரபணுவில் இருக்கும் பிழைகள். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பிழை இருக்கும். அதை எடுத்து அதே குழந்தைக்கு ஏற்றினால் நோயைத்தான் திரும்ப ஏற்றுகிறோம். குழந்தைகளுக்கு வரும் சில வகை ரத்தப் புற்றுநோயில், நோய்க்கு வித்தான மாற்றம் பிறக்கும்போதே ரத்தத்தில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே அங்கும் சொந்த ரத்தம் உதவாது.

உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றுச் சிகிச்சை 1988-ல் பாரிஸில் நடந்தது. ஃபான்கோனி ரத்தசோகை என்ற நோய் இருந்த சிறுவனுக்கு மருத்துவர் எலியன் குளுக்மன் செய்தார். ஏற்றியது அவனுடைய ரத்தத்தை அல்ல, புதிதாகப் பிறந்த தங்கையின் ரத்தத்தை. இந்தத் துறை தொடங்கியதே இன்னொருவர் கொடுத்த ரத்தத்தில்தான்.

தன் ரத்தம் தனக்கே தேவைப்படும் வாய்ப்பு முதல் 20 வயதுக்குள் 2,500-ல் ஒன்றிலிருந்து 2 லட்சத்தில் ஒன்று வரை என்று மருத்துவ அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. சொந்தப் பயன்பாட்டுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல் வெளியிட்ட அறிக்கையும், இதை 'இன்சூரன்ஸ்' என்று விற்பதைக் கண்டிக்கிறது. அந்தப் பணத்தில் குடும்பத்துக்கு உண்மையான மருத்துவக் காப்பீடு எடுங்கள். இருவரும் ஹெச்.பி.எல்.சி என்ற ரத்தப் பரிசோதனை செய்து தலசீமியா 'ட்ரெய்ட்' (நோய் வராமல் அதன் மரபணுப் பிழையை மட்டும் சுமப்பது) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

மூத்த பையனுக்குத் தலசீமியா மேஜர் (நோயின் கடுமையான வகை). மூன்று வாரத்துக்கு ஒரு முறை வேலூர் கூட்டிப் போய் ரத்தம் ஏற்றுகிறோம். அடுத்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தால் அவனைக் குணப்படுத்த முடியும் என்று கேள்விப்பட்டோம். மனைவிக்கு நாள் தள்ளிப் பத்து நாள் ஆகிறது. எங்கிருந்து தொடங்குவது?
*— வாசகர், பள்ளிப்பட்டு*

மேலே 'வேண்டாம்' என்று சொன்னோமே, உங்கள் குடும்பம் அதற்கு விதிவிலக்கு. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இந்தச் செல்லால் தீரக்கூடிய நோய் இருந்து, தாய் மறுபடி கருவுற்றிருந்தால் சேமிக்கலாம் என்று ஐ.சி.எம்.ஆரும் சொல்கிறது. ஆனால் முதலில் போக வேண்டிய இடம் வங்கி அல்ல. பையனைப் பார்க்கும் ரத்தவியல் மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். நாள் முக்கியம்.

முதல் வேலை, வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் தலசீமியா மேஜர் இருக்கிறதா என்று பார்ப்பது. அப்பா, அம்மா இருவரும் ட்ரெய்ட் என்பதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சிலிருந்து (நஞ்சுக்கொடி) சிறு மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் இருவரிடமும் பையனிடமும் இருக்கும் மரபணுப் பிழை எது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அந்த மாதிரியில் எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியும். அதனால் மூவரின் ரத்தத்தையும் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஹெச்.எல்.ஏ பொருத்தம், அதாவது ஒருவர் செல்லை இன்னொருவர் உடல் ஏற்குமா என்று காட்டும் அடையாளங்களின் பொருத்தம். உடன்பிறந்தவருக்கு முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பும் நான்கில் ஒன்றுதான். ஹெச்.எல்.ஏ மரபணுக்கள் 6-வது குரோமோசோமில் இருக்கின்றன, பீட்டா தலசீமியா மரபணு 11-வதில். ஒன்று மற்றொன்றைச் சாராது. ஆக, நோயும் இல்லாமல் பொருத்தமும் உள்ள குழந்தையாக அமைய 4-ல் 3 × 4-ல் 1, அதாவது 16-ல் 3 வாய்ப்பு. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பிறக்கும் குழந்தைக்கு ட்ரெய்ட் மட்டும் இருந்தால் பரவாயில்லை, தாராளமாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது, ஏழாம் மாதத்துக்குள் வங்கியோடு பேசி முடிப்பது. மருத்துவரின் கடிதத்தோடு கேளுங்கள். நோயுள்ள உடன்பிறப்புக்கு என்று குறிப்பிட்டுச் சேமிக்கும்போது சில வங்கிகள் கட்டணத்தைக் குறைப்பதுண்டு. சேகரிப்புக் கிட்டை (ரத்தம் பிடிக்கும் பை, ஊசி அடங்கிய பெட்டி) எட்டாம் மாதமே வாங்கி வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள். பிரசவ நாளில் கிட் வேலூரில், தாய் பள்ளிப்பட்டில் என்று ஆகிவிடக் கூடாது.

பிறந்த பிறகு தொப்புள்கொடி ரத்தத்தின் மாதிரியிலேயே ஹெச்.எல்.ஏ பார்த்துவிடலாம். பொருந்தினால் அடுத்த கேள்வி, செல் போதுமா என்பது. போதாவிட்டால் கதவு மூடிவிடவில்லை. குழந்தை வளர்ந்து உடல் எடை ஏறியதும் அதே குழந்தையின் எலும்பு மஜ்ஜையைச் சிறிது எடுத்துச் சேமித்த ரத்தத்தோடு சேர்த்து ஏற்றுவது நடைமுறையில் உள்ளது. மஜ்ஜையை மட்டும் ஏற்றுவதும் உண்டு. பொருந்தும் உடன்பிறப்பு இருந்துவிட்டால் மஜ்ஜை எப்போதும் கையில் இருக்கிறது. தொப்புள்கொடி ரத்தம் அதற்கு மேல் கிடைக்கும் வசதி, அவ்வளவே. பை சரியாக நிரம்பவில்லை என்று பிரசவ அறை வாசலில் அழுதுகொண்டு நிற்க வேண்டியதில்லை.

அதற்கிடையில் பையனை நல்ல நிலையில் வைத்திருப்பதில்தான் சிகிச்சையின் வெற்றி பெரிதும் அடங்கியிருக்கிறது. இரும்புச் சத்தை வெளியேற்றும் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு ஏறி, ஈரல் வீங்கிய பிறகு செய்யும் மாற்றுச் சிகிச்சையில் ஆபத்து அதிகம். செலவுக்கு, கோல் இந்தியா நிறுவனத்தின் 'தலசீமியா பால் சேவா யோஜனா' 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வேலூர் சி.எம்.சி அதன் பட்டியலில் உண்டு. வயது வரம்பும் வருமான வரம்பும் இருப்பதால் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் கேட்டு வருமானச் சான்றை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். ஆந்திரப் பகுதியில் இருக்கும் உறவினர் என்றால் அந்த மாநிலச் சான்று வேண்டும்.

அக்கா மகளைக் கட்டியிருக்கிறேன். எங்கள் ஒரே மகளுக்கு ஏபிளாஸ்டிக் அனீமியா (எலும்பு மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காத நோய்). உடன்பிறப்பு இல்லை. மனைவிக்குக் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது. தொப்புள்கொடி ரத்தம் விலைக்கு வாங்கலாம் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
*— வாசகர், பலமநேர்*

வாங்குவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். நம் பக்கம் சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் கூடுதல் வாய்ப்பு உண்டு.

ஹெச்.எல்.ஏ இரண்டு பாதிகளாக வருகிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. உங்கள் மனைவிக்குத் தன் தாய் வழியாக, அதாவது உங்கள் அக்கா வழியாக வந்த பாதி, உங்களிடம் உள்ள இரண்டில் ஒன்றாகவே இருக்கலாம். மகளுக்கு உங்களிடமிருந்து ஒரு பாதியும், மனைவி வழியாக உங்களுடைய மற்றொரு பாதியும் போயிருந்தால், அவளுக்கு நீங்களே முழுப் பொருத்தம். சாதாரணக் குடும்பத்தில் பெற்றோர் முழுப் பொருத்தமாக அமைவது அபூர்வம். இங்கே அப்படியில்லை. பெற்றோர் இருவர், உங்கள் அக்கா, மாமா, இரு பக்கத்துப் பாட்டி தாத்தா, மனைவியின் உடன்பிறந்தோர் என்று யார் யாருக்குச் சோதிப்பது என்பதை மருத்துவர் வம்ச வரைபடம் போட்டுச் சொல்வார். மொத்தக் குடும்பத்தையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் கொடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

அப்படியும் கிடைக்காவிட்டால் தன்னார்வக் கொடையாளர் பதிவேடு. அதிலும் இல்லையென்றால் பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்தே மாற்றும் 'ஹேப்லோ' முறை. மாற்றிய சில நாள் கழித்து சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தைக் கொடுத்து, ஒவ்வாத செல்களை அடக்கும் உத்தி வந்த பிறகு அது பரவலாகிவிட்டது. உலகளவில் தொப்புள்கொடி ரத்த மாற்று குறைந்துபோனதற்கு முக்கியக் காரணமும் அதுதான். வெளியாரின் தொப்புள்கொடி ரத்தம் ஹெச்.எல்.ஏ-வில் ஆறில் நான்கு பொருந்தினாலும் ஏற்கும் என்பது பெரிய வசதி. ஆனால் செல் குறைவு என்பதால் ஊன்றத் தாமதமாகும். மஜ்ஜை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் ஏறும் வெள்ளணு, இதில் மூன்று நான்கு வாரம் எடுக்கும். அந்தக் கூடுதல் நாட்களில்தான் தொற்று உள்ளே நுழைகிறது. ஏபிளாஸ்டிக் அனீமியாவில் செல் ஊன்றாமலே போகும் ஆபத்தும் உண்டு. மருத்துவர் தொப்புள்கொடி ரத்தத்தைக் கடைசியில் வைப்பதற்கு அதுவே காரணம்.

சித்தூர் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அவ்வப்போது கிட் வருகிறது. சில பைகள் 'ரிஜெக்ட்' ஆகித் திரும்புகின்றன. பழி எங்கள் மேல் விழுகிறது. சரியாக எடுப்பது எப்படி?
*— வாசகி, சித்தூர்*

முதலில் கொடியைக் கட்டும் நேரம். பிறந்த ஒரு நிமிடத்துக்கு முன் கிளாம்ப் போடக் கூடாது. ஒன்று முதல் மூன்று நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் நிமிடத்திலேயே நஞ்சிலிருந்து சுமார் 80 மி.லி. ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது, மூன்று நிமிடத்தில் 100 மி.லி. வரை. பிறகு வரும் மாதங்களில் இரும்புச்சத்துக் குறையாமல் காப்பது அந்த ரத்தம். இதனால் பையில் விழுவது குறையும். குறையட்டும். பை நிரம்ப வேண்டும் என்று சீக்கிரம் வெட்டச் சொல்லும் ஏஜென்டை லேபர் ரூமுக்குள் விடாதீர்கள். குழந்தை அழவில்லை, தாய்க்கு ரத்தப்போக்கு என்றால் கிட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் ஊசியையும் பைக்காகத் தள்ளிப்போடக் கூடாது.

கொடியை வெட்டி, குழந்தையைக் கொடுத்த பிறகு, நஞ்சு உள்ளே இருக்கும்போதே எடுப்பதுதான் நல்லது. கருப்பை சுருங்கும் அழுத்தமும் உதவும். கிளாம்புக்கு மேல் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் கொடியை ரத்தம் போகத் துடைத்து, ஸ்பிரிட், பிறகு பொவிடோன் அயோடின் போட்டு காய விடுங்கள். காய்வதற்குள் குத்துவதுதான் பாக்டீரியா வளர்ந்து பை திரும்புவதற்கு முக்கியக் காரணம். கொடியில் தடித்து, நீலமாகப் புடைத்திருப்பது சிரை. மெலிந்து முறுக்கிக் கிடக்கும் இரண்டு தமனிகளையும் தொட வேண்டாம். கிளாம்புக்கு அருகில் சிரையில் ஊசியை ஏற்றுங்கள். முதல் இடத்தில் நின்றுபோனால் நஞ்சின் பக்கமாக மேலே நகர்ந்து குத்த இடம் மிச்சமிருக்கும். பையைக் கட்டில் மட்டத்திலிருந்து இரண்டடி தாழ்த்துங்கள். உறிஞ்ச வேண்டாம், தானாக வடியும்.

ரத்தம் விழத் தொடங்கியதிலிருந்து இன்னொருவர் பையைக் கையில் ஏந்தி மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பையில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் சி.பி.டி.ஏ திரவம் 20 முதல் 35 மி.லி.தான். அது கலக்காத இடத்தில் ரத்தம் கட்டும். கட்டிக்குள் சிக்கிய செல் கணக்கில் வராது. பலர் பையைத் தரையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள், பிறகு 'எண்ணிக்கை குறைவு' என்று அறிக்கை வருகிறது. ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் கொடி வெளுத்துத் துவண்டுவிடும், அதோடு முடிந்தது. குழாயில் நிற்கும் ரத்தத்தையும் பைக்குள் வழித்துவிட்டு, கிட்டில் உள்ள கிளிப்பை மாட்டி, முடிச்சும் போடுங்கள்.

எவ்வளவு வந்தது என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். எடுக்கும் முன்னும் பின்னும் பையை எடை போடுங்கள். வித்தியாசத்தை 1.06-ஆல் வகுத்தால் மி.லி. கிடைக்கும். 50 முதல் 150 வரை எதுவும் வரலாம். சிறிய குழந்தை, குட்டைக் கொடி, நஞ்சு சீக்கிரம் பிரிந்துவிட்டது என்றால் குறையும். யாருடைய தவறும் இல்லை. பனிக்குடம் உடைந்து ஒரு நாளுக்கு மேல் ஆனாலோ தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ எடுப்பதில் அர்த்தமில்லை. சிசேரியனில் நஞ்சு வெளியே வந்ததும் துணி விரித்த தட்டில் உயரமாக வைத்து எடுக்கலாம்.

தாயின் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் கட்டில் அருகிலேயே எழுதி ஒட்டுங்கள். ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் போன்றவற்றுக்குத் தாயின் ரத்தக் குழாய்களும் உடன் போக வேண்டும். பிரசவத்துக்கு முன்போ பின்போ 7 நாளுக்குள் எடுத்ததாக இருக்கட்டும். இது இல்லாமல் அனுப்பிய நல்ல பைகளும் குப்பைக்குப் போயிருக்கின்றன.

அடுத்தது பயணம். 48 மணி நேரத்துக்குள் கூடத்தில் பதப்படுத்த ஆரம்பிக்க வேண்டும், 24-க்குள் என்றால் இன்னும் நல்லது. சித்தூரிலிருந்து சென்னைக்கு மூன்று நான்கு மணி நேரம்தான். ஆனால் சனிக்கிழமை மாலைப் பிரசவம், ஞாயிறு கூரியர் இல்லை என்று ஆனால் அந்த 48 எங்கே போகும்? கூரியர் எண்ணை முன்பே அழைத்துச் சோதியுங்கள். பையை 15 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் கார் பின்கண்ணாடி ஓரம் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கெட்டுவிடும். அதற்குப் பயந்து பையோடு ஐஸ் பேக்கை ஒட்டி வைப்பதும் கெடுதல்தான், ஓரத்தில் உறைந்து செல் வெடிக்கும். வீட்டு ஃபிரிட்ஜில், குறிப்பாக ஃப்ரீசரில், வைக்கவே கூடாது.

ஆறு வருடம் முன்பு பணம் கட்டியாகிவிட்டது. வந்த அறிக்கையில் டி.என்.சி. (உட்கரு உள்ள மொத்தச் செல்கள்) 62 கோடி, சி.டி.34 (ஸ்டெம்செல்) 20 லட்சம், உயிர்ப்பு 94 சதவீதம் என்றிருக்கிறது. இது நல்லதா? 75 வருடம் வைத்திருப்போம் என்கிறார்களே?
*— வாசகர், குப்பம்*

சராசரியான, ஒழுங்காக எடுத்த பை. ஆனால் எத்தனை கிலோ உடம்புக்குப் போதும் என்று பாருங்கள். மாற்றுச் சிகிச்சைக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 3 கோடி டி.என்.சி. தேவை. 62-ஐ 3-ஆல் வகுத்தால் 20 கிலோ. சி.டி.34 கிலோவுக்கு 1.5 முதல் 2 லட்சம் வேண்டும், அந்தக் கணக்கில் 10 முதல் 13 கிலோதான். இரண்டில் எது குறைவோ அதுதான் நிஜம். உறைந்ததை உருக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். ஆக இந்தப் பை இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குப் போதும். உங்கள் குழந்தை இப்போதே அதைத் தாண்டியிருக்கும். 60 கிலோ ஆளுக்கு 180 கோடி வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு பைகளைச் சேர்த்து ஏற்றுவது அதனால்தான். உயிர்ப்பு 85-க்கு மேல் இருந்தால் சரி. பாக்டீரியா, பூஞ்சைக் கல்ச்சர் 'நெகட்டிவ்' என்ற வரி இருக்கிறதா, பையோடு ஒட்டிய சிறு குழாய்த் துண்டுகள் உள்ளனவா என்று கேளுங்கள். பின்னால் பையைத் திறக்காமல் ஹெச்.எல்.ஏ-வை உறுதிசெய்ய அந்தத் துண்டுதான் வேண்டும்.

சிவப்பணுவை நீக்கி, 20, 25 மி.லி.யாகச் சுருக்கி, உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறார்கள். அப்படி வைத்ததில் 27 வருடம் கழித்தும் செல்கள் வேலை செய்ததை ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். 75 வருடம் என்பது கணிப்பு. தொப்புள்கொடி ரத்த மாற்று வந்தே நாற்பது வருடம் ஆகவில்லை. செல்லை விட நிறுவனம் தாங்குமா என்பதுதான் கேள்வி. 2023-ல் சிங்கப்பூரில் ஒரு தனியார் வங்கியின் தொட்டிகளில் வெப்பநிலை ஏறியது தெரியவந்தது. 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பைகள் பாழாயின. உங்கள் வங்கியிடம் தொப்புள்கொடி ரத்த வங்கிக்கான 28-எஃப் படிவ உரிமத்தின் நகலையும், வங்கி மூடினால் பைகள் எங்கே போகும் என்ற ஒப்பந்தப் பத்தியையும் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக் கட்டணம் இனியும் உண்டென்றால் தொடர்வதா என்று யோசிக்கலாம்.

தொப்புள்கொடியின் தசைப் பகுதியையும், பின்னால் பால் பல்லையும் சேமிக்கலாம் என்கிறார்களே?
*— வாசகி, பேரணாம்பட்டு*

ஐ.சி.எம்.ஆர்-ன் 2017 வழிகாட்டுதல் தொப்புள்கொடி ரத்தத்தை மட்டுமே வங்கியில் வைக்க அனுமதிக்கிறது. கொடித் தசை, நஞ்சு, பல் என்று மற்ற எதையும் வணிக ரீதியில் சேமிக்க அனுமதி இல்லை.

என் தம்பி பையனுக்கு ஆட்டிசம். அவனுடைய தொப்புள்கொடி ரத்தம் சேமித்து வைத்திருக்கிறோம். ஏற்றினால் பேச்சு வரும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள்.
*— வாசகி, புத்தூர்*

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதை முறையாகச் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். சமூகத் தொடர்புத் திறனில், மருந்தில்லாத திரவம் ஏற்றிய குழந்தைகளை விடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதையும் விளம்பரப்படுத்துவதையும் தொழில் ஒழுங்கீனம் என்று 2022-ல் சொல்லியிருக்கிறது. ஆராய்ச்சியில் சேர்வதென்றால் காசு வாங்க மாட்டார்கள். இந்தியாவில் நடக்கும் சோதனைக்கு சி.டி.ஆர்.ஐ. (மருத்துவச் சோதனைகளின் தேசியப் பதிவேடு) பதிவு எண் இருக்கும். இந்த இரண்டையும் அந்தக் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். தம்பி கையில் இருக்கும் பணம் பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் போகட்டும்.

சேமிக்க வேண்டாம், யாருக்காவது பயன்படட்டும் என்று தானமாகக் கொடுக்க முடியுமா?
*— வாசகர், திருத்தணி*

மனசு நல்லது, வழிதான் குறுகல். ஒவ்வொரு பையையும் சோதித்து உறையவைக்க ஆகும் செலவை யாரும் தொடர்ந்து ஏற்காததால், இலவசமாக வாங்கும் பொது வங்கி நம் நாட்டில் நிலைக்கவில்லை. தானம் தருவதாகச் சொல்லி வாங்கும் நிறுவனத்திடம், அந்தப் பை உண்மையில் பொதுப் பட்டியலில் ஏறுமா, ஆராய்ச்சிக்கா என்று எழுத்தில் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தாயின் கையெழுத்தும் வேண்டும். அதைவிட எளிது, நீங்கள் 18 முதல் 50 வயதுக்குள் இருந்தால் சென்னையைத் தலைமையாகக் கொண்ட தாத்ரி போன்ற பதிவேட்டில் சேர்வது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். பொருந்தும் நோயாளி வந்தால் கையிலிருந்து ரத்தம் எடுப்பது போலவே ஸ்டெம்செல்லைப் பிரித்தெடுப்பார்கள். பதிவு செய்துவிட்டு, அழைப்பு வரும்போது 'வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று பின்வாங்காதீர்கள். அதற்குள் அங்கே நோயாளிக்குச் சிகிச்சைக்கான ஏற்பாடுகள் தொடங்கியிருக்கும்.